பத்து ரூபாய் அம்மன்

அக்கா என் தையல் கடைக்குள் வந்து, "உன் கம்மலக் கழட்டிக் குடுடி, ரெண்டே நாள்ல திருப்பித் தாரேன்" என்றபோது எனக்குப் பயம்தான் வந்தது. யாரிடமும் கைநீட்டாதவள் அவள். மச்சான் இறந்த பிறகு திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் மிளகாய்க் காட்டு வேலைக்குப் போய், ஆடு வளர்த்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டவள்.

"எதுக்குக்கா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தாள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். ஒரு பக்கம் சிங்கத்தூண். மறுபக்கம் வாகனத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் அம்மன்.

"ஆத்தா படம் போட்ட காசு பத்து லட்சம் போகுதாம். போன்ல வீடியோ வந்துச்சு. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். பதிவுக் கட்டணம்னு கேட்டாக, கட்டிட்டேன். இப்ப வரி கட்டுனா பணம் வந்துருமாம்."

"கட்டுனதுக்குக் காசு ஏது?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ஆட்ட வித்தேன்."

எல்லா ஆட்டையும் விற்றிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையைப் பூட்டி, அவள் கையைப் பிடித்து எங்கள் ஊர் அரண்மனைப் பக்கம் பழைய நாணயம் வாங்கி விற்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது வடக்க இருக்கிற மலைக்கோயில் அம்மன். ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல அரசாங்கம் போட்டது. ஏராளமா அடிச்சு புழக்கத்துல விட்ட காசும்மா. வருசத்துக்குக் கீழ இருக்கிற குறி, எந்த ஆலையில அடிச்சதுன்னு சொல்லும், அவ்வளவுதான். கை படாத புதுக்காசா இருந்தா சேகரிக்கிறவங்க கொஞ்சம் கூடத் தருவாங்க. இது தேஞ்சு கீறல் விழுந்துருக்கு. பத்து ரூவாதான்."

"நல்லாப் பாருங்கய்யா, ஆத்தா முகம் தெளிவா இருக்குல்ல" என்றாள் அக்கா. அவர் மறுபடி பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். "வாரத்துக்கு ஒருத்தராவது இதத் தூக்கிட்டு வாராங்க" என்றார்.

வாரத்துக்கு ஒருத்தர்! அப்படியென்றால் எத்தனை வீட்டு ஆடு, எத்தனை பேர் கம்மல்! சாமி படத்தைக் காட்டினால் எங்கள் சனம் கேள்வி கேட்காது என்று தெரிந்தே எவனோ ஓர் அறையில் உட்கார்ந்து வலை வீசுகிறான்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் எழுதுகிற காவலர் சிரித்துவிட்டார். "ஏம்மா, பத்து ரூவாய்க்கு எவனாச்சும் பத்து லட்சம் தருவானா?"

அக்கா தலை கவிழ்ந்தாள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஏமாத்துனவன் அங்க உக்காந்து சிரிக்கிறான். நீங்க இங்க உக்காந்து சிரிக்கிறீங்க. சிரிக்கிறதுக்கா சார் வந்தோம்? எழுதுங்க."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் அக்காவின் போன் அடித்தது. அவனேதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. இன்னைக்கு வரி கட்டலைன்னா உங்க பதிவு ரத்தாகிடும். அம்மன் அருள் உங்க வீட்டுக்கு வரப்போகுது, விட்டுடாதீங்க."

என்ன குழைவு! போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அக்கா தடுத்தாள். இத்தனை நாளும் அவனை சார், சார் என்று அழைத்தவள்.

"ஏலே, எந்த வாயால அம்மன்னு சொல்ற? எம்பிள்ளைக மாதிரி வளத்த ஆடுகடா அதுக. வெயில்ல வெந்து வளத்தேன். நீ திங்கிற சோறு உனக்குச் செரிக்குமாலே? நேர்ல வா, வரியோட சேத்துத் தாரேன்!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு அந்த அம்மாளிடமே கதையைச் சொல்லத் தொடங்கினாள், ஒன்றையும் மறைக்காமல்.

பணம் இன்றுவரை வரவில்லை. கேட்கப் போனால் விசாரணை நடக்கிறது என்கிறார்கள். அவன் எண் மறுநாளிலிருந்து வேலை செய்யவில்லை. மிளகாய்க் காட்டில் அக்காவோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் அதே காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்களாம். அவர்கள் போனில் இருந்த வீடியோவை அக்காவே நின்று அழிக்க வைத்தாள். போன வாரம் என் போனுக்குப் புதிதாக ஒரு வீடியோ வந்தது. இந்த முறை வேறொரு சாமி.