மூக்குக்குத் தைத்த சிவப்பு உறை

எனக்கு எண்பத்துநான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று தாயில்லாமல் என்னிடம் வந்த என் தம்பி மகள். ஐந்து பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள், அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கொஞ்சம் கோணும், அவ்வளவுதான்.

என் இரண்டாவது மகன் விமானப்படையில் சேர்ந்தான். ஓட்டுகிற வேலை இல்லை. திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவன் ஓட்டுகிறான் என்றே நினைத்தார்கள், நானும் திருத்தப் போகவில்லை. போர் விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. தகடு, கதவு, சக்கரம், திருகாணி எல்லாம் அவன் பொறுப்பு.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓர் ஆயுத பூஜைக்கு முன்னால் லீவில் வந்தான். முகம் சரியாக இல்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே சொன்னான்.

அவர்கள் விமானத்துக்கு மூக்கில் வாய் போலப் பெரிய துளை இருக்கும். அதன் மேலே ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயில் காற்று மோதுவதை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரியுமாம். நிற்கும்போது தூசியும் குளவியும் போகாமல் இரண்டுக்கும் சிவப்புத் துணியில் உறை மாட்டுவார்கள். பறப்பதற்கு முன் கழற்றிவிட வேண்டும். குழாய் அடைத்திருந்தால் ஓட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்து. ஒருநாள் காலையில் இவன் குழாயின் உறையைக் கழற்ற மறந்துவிட்டான். ஓட்ட வந்த பெரிய அதிகாரி, ஏறுவதற்கு முன் சுற்றிப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து இவனை விமானத்தைத் தொட விடவில்லை. ஸ்டோரில் போல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை.

அந்த அதிகாரி இப்போது மாற்றலாகிப் போகிறார். வேலையாட்கள் சேர்ந்து அவர் ஓட்டிய விமானத்தை மரத்தில் சின்னதாகச் செய்து கொடுக்க நினைத்தார்கள். நான் செய்கிறேன் என்று இவன் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"ஒரு கோடு கூட தப்பா இருக்கக் கூடாதும்மா. நான் கவனமா வேல செய்யறவன்னு அவரு பாக்கணும். அப்பத்தான் திரும்ப பிளேன்கிட்ட உடுவாங்க."

என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் கடை. அரமும் பெயின்டும் அங்கேயே இருந்தன. மரத்தை ஒரு முழ நீளத்துக்கு இவன் செதுக்கினான். மேலே வருகிற சில்லறை வேலையெல்லாம் என்னுடையது. தையல் மெஷினில் உட்கார்ந்த கை, நடுங்காது. தகடுகள் சேருகிற கோடுகளை அளவுகோல் வைத்து ஊசியால் கீறினேன். குடைக்கம்பியைத் தேய்த்துக் குழாய் செய்தோம்.

"நடுவுல வைடா, அழகா இருக்கும்" என்றேன்.

"நடுவுல இல்லம்மா, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி."

"அத யாரு பாக்கப் போறாங்க?"

"அவரு பாப்பாரு. தெனம் அதுக்குப் பின்னால உக்காந்து ஓட்னவரு."

"சரி, மூக்குத்திய யாரு நடுவுல குத்தறாங்க. வை."

சக்கரத்துக்குக் கோட்டுப் பொத்தானை எடுத்துக் கொடுத்தேன்.

"நாலு ஓட்ட இருக்கற சக்கரத்த எந்த ஊர்லம்மா பாத்த?"

"உங்கப்பா கடையில தெனம் பாக்கறேன்."

கடைக்குள்ளிருந்து அவன் அப்பா இருமினார். பிறகு பொத்தான் ஓட்டையை மெழுகால் அடைத்து, கறுப்பு அடித்தோம்.

வாலில் காவி, வெள்ளை, பச்சை என்று பட்டை வரும். இரண்டு பக்கமும் காவிதான் முன்னால் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பக்கம் போட்டதை மறுபக்கம் திருப்பிப் போடவேண்டும். அவன் சொல்வதற்கு முன்பே சரியாகப் போட்டுவிட்டேன். ரவிக்கைக்கு இரண்டு கையும் வெட்டுகிறவளுக்கு இது தெரியாதா? விமானத்தின் மேல் வரும் இங்கிலீஷ் எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியாது, கோலத்தைப் பார்த்துப் போடுவது போலப் பார்த்துப் போட்டேன்.

கடைசியில் சில்வர் பெயின்ட் அடித்து ஜன்னலோரம் காய வைத்தோம். மறுநாள் பூஜை. அதற்கு அடுத்த நாள் அவனுக்குக் காட்பாடியில் ரயில்.

வீட்டுக்காரரின் தங்கை, கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தவள், பூஜைக்கு வந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு பம்பு, ஸ்பேனர், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். நான் சுண்டலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், விமானத்தின் மூக்கில் அப்பிய சந்தனமும் அதன் மேல் குங்குமமும்.

"இன்னாம்மா பண்ண?"

"பொட்டு வச்சேன் அண்ணி. பஞ்சர் டப்பாக்கே வச்சேன். இது வெள்ளி மாதிரி மின்னினு நிக்குது, இதுக்கு மட்டும் வைக்காம உடுவனா?"

மகன் ஓடி வந்தான். "அத்த, இது நெச பிளேனா இருந்தா இந்தப் பொட்டு மொறம் சைஸ் இருக்கும்!"

"அப்ப நெச பிளேனுக்கும் மொறம் சைஸ்ல ஒண்ணு வைடா. நல்லதுதான."

பெயின்ட் முழுக்கக் காயவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். சில்வர் உரிந்து, குங்குமத்தின் சிவப்பு மரத்துக்குள் இறங்கிவிட்டது. மேலே இன்னொரு பூச்சு அடித்தால் நான் கீறிய கோடுகள் மூழ்கிப்போகும், காயவும் நேரமில்லை. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவன் அத்தை கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

எனக்கு ஒன்று தோன்றியது.

"நிக்கற பிளேனுக்கு மூக்குல உற மாட்டுவாங்கன்னு சொன்னியே. இதுவும் சக்கரத்துல நிக்கறதுதான? தெச்சு மாட்டிட்டா கற தெரியாது."

"அத மட்டும் சொல்லாத. நான் எத மறந்தனோ அதையே தெச்சு எடுத்துனு போனா எல்லாரும் சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் சிரிக்காமயா இருக்கறாங்க? இல்லன்னா இந்த செவந்த மூக்கோட எடுத்துனு போ."

உரிந்த மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து உறையின் வடிவத்தை வரைந்தான். நான் எடுத்து வந்த சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்த்து, "மொரடும்மா, இவ்ளோ சின்ன பிளேனுக்குச் சாக்கு மாதிரி தெரியும்" என்றான். என் தம்பி மகளின் நைலக்ஸ் தாவணி சிவப்பு, மெல்லிசு. ஓரத்தில் ஒரு துண்டு கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். மூக்குக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் தொங்குகிற சிவப்பு வால். தையல் வெளியே தெரியாமல் உள்ளே மடித்துத் தைத்தேன். மாட்டலாம், கழற்றலாம். வாலின் நீளத்தை இருமுறை குறைக்கச் சொன்னான், குறைத்தேன்.

சைக்கிள் கடைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலுக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னான். அதிகாரியை வழியனுப்பும் கூட்டத்தில் விமானத்தை மேசையில் வைத்ததும், விஷயம் தெரிந்தவர்கள் சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு இவனைப் பார்த்தார்களாம். அதிகாரி விமானத்தைக் கையில் எடுத்து அடிப்பக்கம், வால், சக்கரக் கதவு என்று மெதுவாகத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு குழாயின் உறையை அவரே கழற்றினாராம். அடுத்தது மூக்கின் உறை. உள்ளே சிவப்பு. இது என்ன என்று கேட்டிருக்கிறார். பூஜை சார், என் அத்தை வைத்தது என்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டாராம், அவரோடு எல்லாரும். பிறகு இரண்டு உறைகளையும் இவன் கையில் கொடுத்து, திரும்ப மாட்டச் சொன்னாராம். அத்தனை பேர் முன்னால் இவன் மாட்டினான்.

ஆனால் பொங்கலின்போதும் ஸ்டோரில்தான் இருந்தான். அந்த அதிகாரி போவதற்கு முன் யாரிடமாவது ஏதாவது சொன்னாரா என்று தெரியாது. கோடை பிறந்த பிறகுதான் விமானத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆள் போதவில்லை, அதனால்தான் என்று அவன் சொல்வான். நான் அப்படிச் சொல்வதில்லை.

முதல் நாள் உறைகளைக் கழற்றி, ஓட்டுகிறவர் பார்க்கும்படி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினானாம். ஓய்வு பெறும் வரை அப்படியேதான் காட்டிக்கொண்டிருந்தான்.

இந்தாடி பேத்தி, இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இது உங்கப்பா கததான், அவன் கையில கெடச்சா எதையாவது திருத்துவான். அதுக்கு முன்னாடி நீ ஒருதரம் சத்தமா படி, நான் கேக்கறேன்.