கப்பல் பார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஷிஃப்ட் நண்பர்கள் இரண்டு பேரும் நானும் மாதத்தில் ஒரு ஞாயிறு பழவேற்காட்டுக்குப் போய்விடுவோம். அங்கே ஒருவர் தன் இன்ஜின் படகை வாடகைக்கு விடுவார், ஓட்டுவதும் அவரே. கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. மீன் அடையும் பாறைத் திட்டை ‘பார்’ என்பார்கள் அந்தப் பக்கத்தில். படகுக்காரருக்கு இதுவும் ஒரு பார்தான், கப்பல் பார். தூண்டிலை இறக்கினால் கலவா மீன் மாட்டும்.

என் மாமனார் கரையான்சாவடியில் டீக்கடை வைத்திருந்தார். அதற்கு முன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எந்தக் கப்பல், ஏன் விட்டார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் கடையைக் காரணம் சொல்லி நின்றுகொள்வார். ஒருமுறை நான் கொடுத்த கலவாவைக் கையில் வாங்கியவர், எங்கே பிடித்தது என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன், படகுக்காரர் சொல்லித் தெரிந்த கப்பலின் பெயரையும் சொன்னேன். மீனைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

“மாப்ளே, அடுத்த வாட்டி நானும் வரேன்” என்றார்.

விடியும்போது படகு கிளம்பியது. கடலும் வானமும் ஒரே பால்நிறமாக இருந்தன. மாமனார் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். இன்ஜின் நின்றதும் குனிந்து பார்த்தோம். அன்று தண்ணீர் அபூர்வமாகத் தெளிந்திருந்தது. அடியில் கறுப்பாக ஏதோ நீண்டு கிடக்க, அதன்மேல் பொடிமீன் கூட்டம் மேகம்போல் திரும்பித் திரும்பி நகர்ந்தது.

குனிந்தபடியே அவர் சொல்ல ஆரம்பித்தார். புயலில் கப்பல் உடைந்தபோது எல்லோரும் சின்னப் படகுகளில் ஏறித் தப்பிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடலைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சை அடைக்குமாம். அது கண்ணில் படாத இடமாகத் தேடித்தான் கரையான்சாவடிக்கு வந்திருக்கிறார்.

“சோறு வெந்துகினு இருந்திச்சி. அப்டியே உட்டுட்டு ஓடியாந்துட்டேன்” என்றார். “தோ, உன் தூண்டிலு கீய போவுதே, அங்கதான் அடுப்பு.”

நான் தூண்டில் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டி இழுத்தது. கயிறு விரலை அறுத்து ரத்தம் கசிந்தும் அவர் விடவில்லை. உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு பெரிய கலவா மேலே வந்து வாயைத் திறந்து மூடியது.

“நம்ம கிச்சன்ல இன்னாடா பண்ற நீ?” என்று அதனிடம் கேட்டவர், அழுதுவிட்டார்.

படகுக்காரரின் ஸ்டவ்வில் அவரே குழம்பு வைத்தார். கப்பலுக்கு மேலேயே, படகு தூளியாக ஆட, சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். சட்டியை வழித்துவிட்டோம்.

அதன்பின், முழங்கால் மடங்காமல் போகும்வரை மாதாமாதம் எங்களோடு வந்தார். மீனே படாத நாட்களில் படகில் மல்லாந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். அவராக எழுந்திருக்கும்வரை நாங்கள் படகைத் திருப்பச் சொல்லமாட்டோம்.