கயிறு பழக்கும் வகுப்பு

நான் மலையேற ஆசைப்பட்டவள் அல்ல. மண்டூர்க் கோயிலுக்கு நடந்து போய் வந்தாலே இரண்டு நாள் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். அப்படிப்பட்டவள், லீவில் வந்த இடத்தில், ஆரையம்பதியில் அண்ணன் மனைவி, என் மச்சாளின் குசினியில் அடுப்படியோடு உட்கார்ந்துகொண்டு சுவிஸில் புதியவர்களுக்கு நடத்தும் மலையேற்ற வகுப்புகளைக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். என் தலைவிதி.

அண்ணன் வாவியில் மீன் பிடித்தவர். நான் கலியாணம் முடித்துப் போயிருந்த சுவிஸுக்கு வரவென்று, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டார். இத்தாலிப் பக்கமிருந்து மலையைக் கடக்கும்போது பனிப் பிளவொன்றுக்குள் விழுந்துவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவன்தான் பிறகு எனக்குச் சொன்னான்: "கூப்பிட்டம், அக்கா. கொஞ்ச நேரம் குரல் குடுத்தார். மறுகா சத்தம் இல்ல." விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். நாசமாய்ப் போக!

உடல் கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் உடல் கிடைக்காத சிலருக்கு எங்கள் ஊரில் செய்ததுபோல, செத்த இடத்து மண் ஒரு பிடி வந்தால்தான் கிரியை என்று மச்சாள் நின்றாள். அதுவரை பொட்டையும் அழிக்க மாட்டாளாம். பழகாதவர்கள் அந்த இடத்துக்குப் போகவே முடியாது என்று சுவிஸில் எல்லோரும் கையை விரித்ததால்தான் இந்த வகுப்புத் தேடல்.

மூன்று வகுப்புகள் தேறின. ஒன்று பாறை ஏறுவதற்கு. அது எனக்கு எதற்கு? இன்னொன்று சிகரத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பிவிடும், உல்லாசப் பயணிகளுக்கானது. மூன்றாவதுதான் அண்ணன் விழுந்தது போன்ற பனிக்கட்டிப் பரப்பில் நடக்கப் பழக்குவது. அதை நடத்துகிறவருக்குக் குசினியிலிருந்தே அழைப்பெடுத்து, அந்த இடத்தில் மண் எடுக்கலாமா என்று கேட்டேன். மண் ஆராய்ச்சி செய்கிறவளா என்று கேட்டார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் தாழ்ந்தது. மேலே மண் கிடையாது, ஆழம்வரை பனிக்கட்டிதான். அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் மெல்ல மெல்லக் கீழே நகரும். அண்ணன் விழுந்த இடம் இன்று அதே இடத்தில் இல்லை என்றார்.

மச்சாளுக்குச் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அப்ப உனக்கு எதுக்கு வகுப்பு? விடு புள்ள."

"விடத்தான் வேணும்" என்றேன். ஆனாலும் என் வாய் சும்மா கிடக்கவில்லை. அந்த வகுப்பில் முதலில் பழக்குவதை வாசித்துச் சொன்னேன். "பிளவுக்குள்ள விழுந்த ஆளைக் கயிறு போட்டுத் தூக்குறது."

அவள் கை நின்றது. "கயிறு இருந்தாத் தூக்கலாமா?"

"ஓம். அதான் அங்க அரிவரிப் பாடம்."

"எங்கட தோணிக் கயிறு மாதிரித் தடிச்ச கயிறா?"

"அதைவிட மெல்லிசு."

மச்சாள் இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அண்ணனின் தோணிக் கயிறு தொங்கியது. கயிறு இல்லாமல் அவர் படலையைத் தாண்ட மாட்டார் என்று ஊரே பகிடி பண்ணும்.

"பயணம் போகக்குள்ள இதையும் பேக்குக்குள்ள வெச்சவர், புள்ள. நாந்தான் வெளிய எடுத்துப் போட்டன். பனிக்குள்ள தோணியா வலிக்கப் போறீங்க எண்டு சிரிச்சன். அவரும் சிரிச்சாரு."

ஏன்தான் அந்த வரியை வாசித்தேனோ! மச்சாள் எழும்பிப் போய்க் கயிற்றை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, இறால் நாறிய கையாலேயே நெற்றிப் பொட்டை அழித்தாள்.