சாப்பிடாதவனின் சர்க்கரை

"உணவுப் பிரிவு உதவியாளர். பணி: வார்டுகளில் தட்டுகளைச் சேகரித்தல். சிறப்புத் திறன் தேவையில்லை. சிகிச்சை பற்றிக் கருத்துக் கூறலாகாது." என் அக்காவின் மருத்துவமனைப் பணி ஆணை இப்படிச் சொல்கிறது. கருத்துக் கூறாத அக்காவை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அவளைவிடப் படித்தவன் நான். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக வளர்சிதை மாற்றம் நடத்துகிறேன்; உண்டது உடலில் என்னவாகிறது என்று பலகை நிறைய அம்புக்குறி போடுவேன். எனக்கே சர்க்கரை நோய் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. சாப்பிடாதவனுக்கு இன்சுலின் எதற்கு என்று நானே தீர்மானித்து ஊசியை நிறுத்திவிட்டேன். மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

மதியம் வேலை முடிந்து என்னைப் பார்க்க வந்த அக்கா, கட்டிலடியில் உருண்டுகிடந்த காலித் தண்ணீர் பாட்டில்களை எண்ணினாள். பிறகு குனிந்து என் மூச்சை மோந்தாள்.

"ஊசி போட்டியா?"

"சாப்பிடவே இல்லையேக்கா. வெறும் வயித்துல எதுக்கு?"

"காய்ச்சல் வந்தா ஈரலே சர்க்கரைய அள்ளி விடும்டா. எங்க வார்டுல தட்டு தொடாம அப்படியே திரும்பி வரும், சீட்டுல பாத்தா சர்க்கரை நானூறுன்னு இருக்கும். தெனம் பாக்குறேன்."

"அது எப்படின்னா, ஹார்மோன்..."

மூச்சு வாங்கியதில் பாடம் அங்கேயே நின்றது.

"வாயில அழுகின பழ வாசனை அடிக்குது, புரொபசரே. செருப்ப மாட்டு."

மருத்துவமனையில் சர்க்கரை நானூற்று அறுபது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது; அக்கா மோந்த பழ வாசனை அதுதான். "இந்த ரத்தத்துல கிருமிய அடிக்கிற வெள்ளணு ஒழுங்கா வேலை செய்யாது. சர்க்கரை எறங்காம சளிக்கு மருந்து மட்டும் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. நாளைக்கு வந்திருந்தா சொல்றதுக்கில்ல," என்றார் மருத்துவர். "ஊசிய நிறுத்தச் சொன்னது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலீங்க," என்றாள் அக்கா. "தம்பி இந்தப் பாடந்தான் நடத்துறான்."

மருத்துவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை, மூச்சுத் திணறலிலும் என்னால் கவனிக்க முடிந்தது.

சர்க்கரை இறங்கி நான் வீடு திரும்பியதும், அக்கா ஒன்பது நாள் விடுப்பெடுத்து என்னோடு இருந்தாள். வேளாவேளைக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், ஊசி போட்டாள், பசியில்லை என்றபோதெல்லாம் நாலு கரண்டியாவது ஊட்டிவிட்டாள்.