கிரகப்பிரவேசத்துக்கு வந்த தீயணைப்பு வண்டி

தை மாதம் நியூ ஜெர்சிக்குப் போக வேண்டாம் என்று இந்தக் கட்டுரையை ஆரம்பித்திருப்பேன். ஆனால் தையில்தானே முகூர்த்தம் வைக்கிறார்கள். என் மகள் நித்யாவும் மாப்பிள்ளை செந்திலும் புதிதாக வீடு வாங்கியிருந்தார்கள். நித்யாவுக்கு ஏழாவது மாதம். குளிர் குறைந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் என்று முடிவாகிவிட்டது.

நான் டாலஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தேன். டாலஸிலிருந்து நியூவர்க்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். போகவர முந்நூற்றுப் பத்து டாலர், பெட்டிக்குத் தனியாக நாற்பது. பெற்றோர்கள் கவனிக்க: பெட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் இரண்டு உறையாவது போடுங்கள். என் பட்டுப்புடவை இப்போதும் மணக்கிறது.

புதன்கிழமை மாலை செந்தில் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனார். வழியில், இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் நிறுத்தி மாவிலை, வாழையிலை, பூ, ஹோமத்துக்குக் கரி, வறட்டி எல்லாம் வாங்கினோம். அங்கிருந்து வீடு இருபத்தைந்து மைல். ஊர் சிறியது. ஒரு பள்ளி, ஒரு நூலகம், இரண்டு பெட்ரோல் பங்க், பெரிய சிவப்புக் கதவுகள் வைத்த ஒரு கட்டடம்.

ஊருக்குள் நுழைந்ததும் பின்னால் ஒரு பழைய கார், கண்ணாடிக்குள் நீல விளக்கு மின்ன, எங்களை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒதுங்குங்கள் மாப்பிள்ளை என்றேன்.

"போலீஸ் இல்லீங்க அத்தை. போலீஸ்னா சிவப்பும் சேர்ந்து அடிக்கும். இது ஊர்க்காரங்க யாரோ, ஃபயர் வாலன்டியராம். சும்மா சீன் போடுவாங்க."

"ஃபயர்னா எங்கயோ தீப்பிடிச்சிருக்குமில்ல?"

"பாதி நேரம் யாராவது டோஸ்ட்டக் கருக்கியிருப்பாங்க. இதுக்கு அந்தச் சிவப்புக் கதவு பில்டிங்ல சைரன் வேற. நான் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கறப்ப ஊளையிடும். எங்க வாட்ஸாப் குரூப்ல எல்லாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டோம். இவ்ளோ டாக்ஸ் கட்டறோம், சம்பளத்துக்கு ஆள் போட மாட்டாங்களாம்."

இதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பொறுமை இருந்தது. வண்டியை ஓரமாக ஒதுக்கத்தான் இல்லை. இரண்டு மைல் தூரம் அந்தக் கார் எங்கள் பின்னாலேயே வந்து, பிறகு ஒரு திருப்பத்தில் மறைந்தது.

வீட்டுக்குள் போனதும் என் கண்ணில் பட்டது கூரைதான். புகை அலாரம் ஒவ்வொன்றுக்கும் குளியல் தொப்பி மாட்டியிருந்தது. ஓட்டலில் இலவசமாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் தொப்பி. செந்திலின் அம்மா, என் சம்பந்தி, பெருமையோடு காட்டினார். போன வருஷம் நண்பர் வீட்டு ஹோமத்தில் அலாரம் அடித்து ஐயர் மந்திரத்தை நிறுத்த வேண்டி வந்ததாம். அதனால் இந்த ஏற்பாடு.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தேர்வு அறையில் கடிகாரத்தைத் துணி போட்டு மூடிவிட்டால் நேரம் நின்றுவிடும் என்று எந்தப் பிள்ளையும் நினைத்ததில்லை. இங்கே படித்தவர்கள் நாலு பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். "ரெண்டு மணி நேரந்தானுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

ஹோமம் நன்றாகவே நடந்தது. ஐயர் சுருக்கமானவர். அவருக்குப் பதினொரு மணிக்கு வேறு ஊரில் இன்னொரு கிரகப்பிரவேசம். கிளம்பும்போது, "தண்ணி ஊத்தி அணைச்சிடாதீங்கோ, தானா அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் கோளாறு. கூடத்தில் பந்தி போட வேண்டும். முப்பது பேர் வந்திருந்தார்கள். வேலை நாளாயிற்றே என்று கேட்டேன். எல்லாரும் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சிரித்தார்கள். குண்டத்தில் கரி இன்னும் சிவப்பாகக் கனன்றது. வெளியே வைத்தால் பனியில் அணைந்துவிடும், அது அபசகுனம் என்றார் சம்பந்தி. ஆகவே செந்திலும் அவர் நண்பரும் அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய், துணி துவைக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். புகை போயாச்சு, குளிருகிறது என்று ஜன்னல்களையும் மூடினார்கள்.

துவைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில்தான் நித்யா போய்ப் படுத்தாள். விடியற்காலையிலிருந்து விரதம், மனையில் உட்கார்ந்தது வேறு. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன்.

"தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குதும்மா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிடு கண்ணு."

"எந்திரிக்க முடியல. தூக்கமா வருது."

கூடத்துக்கு வந்து சொன்னேன். பசி மயக்கம் என்றார் ஒருவர். ஏழாம் மாதத்தில் அப்படித்தான் என்றார் இன்னொருவர். தூங்கட்டும், எழுப்பாதீங்க சம்பந்தி என்றார் சம்பந்தி. அதே நேரத்தில் நடையில், சுவர்ப் பிளக்கில் செருகியிருந்த ஒரு வெள்ளைப் பெட்டி நாலு நாலு தடவையாகக் கத்த ஆரம்பித்தது.

"ஏனுங்க கண்ணு, இதுக்குத் தொப்பி மாட்டலையா?" என்று மகனைக் கேட்டார் சம்பந்தி.

செந்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கோட் அலமாரியில், விருந்தாளிகளின் கோட்டுகளுக்கு அடியில் திணித்தார். அங்கிருந்தும் அது கத்தியது. வீட்டைக் கட்டியவர்கள் அதை ஏதோ கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைத்திருந்தார்கள் போலிருக்கிறது. உடனே அவருடைய போன் அடித்தது. பூஜை, புகை, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். வைத்துவிட்டு, "அனுப்பிட்டாங்களாம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய கவலையெல்லாம் பாயசம் பரிமாறும் நேரத்தில் வண்டி வருகிறதே என்பதுதான்.

ஊர்ச் சைரன் கூரை அதிரக் கேட்டது. பத்து நிமிஷத்துக்குள் வாசலில் சிவப்பு வண்டி. இறங்கியவர்கள் இரண்டே பேர். முன்னால் வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். டெனிஸ் என்று பிறகு தெரிந்தது. கனத்த சட்டை, தலைக்கவசம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், கையில் ஒரு சிறு மீட்டர். செந்தில் வாசலை மறித்து நின்று, தவறான அலாரம், மன்னிக்கவும், நீங்கள் போகலாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார். உள்ளே பார்க்காமல் போக முடியாது என்றார் டெனிஸ்.

"செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு கண்ணு. பாலு காய்ச்சின வூடு" என்றார் சம்பந்தி.

அதையும் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னார். நான் அங்கே நின்று கேட்டேன். தீயணைக்க வந்தவரிடம் பூட்ஸைக் கழற்றச் சொன்ன வீடு அந்த ஊரிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டெனிஸ் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தார். கழற்ற நேரமில்லை என்றார். வீட்டில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று பத்துக் குரல்கள் ஒன்றாகச் சொல்லின. வந்தவர்களிடம் வீட்டில் குறை இருப்பதாகச் சொல்வது நமக்குப் பழக்கமில்லை.

என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு, என் மகள், கர்ப்பிணி, தலைவலி, அந்த அறை என்று கத்திக் கையைக் காட்டினேன். அதற்குள் டெனிஸ் மாப்பிள்ளையைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். நடையில் கால் வைத்ததும் அவருடைய மீட்டர் அலறியது.

கார்பன் மோனாக்சைடு. கனலும் கரியிலிருந்து வருவது, நிறமில்லை, மணமில்லை. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் அந்த வெள்ளைப் பெட்டி கத்தியிருக்கிறது. புகை போய்விட்டது என்று நாங்கள் ஜன்னலை மூடிய பிறகுதான் அது சேர்ந்திருக்கிறது.

எல்லாரையும் வெளியே விரட்டினார்கள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக முப்பது பேர் கோட்டில்லாமல் பனியில் நின்றோம், பாதிப் பேர் வெறுங்காலோடு. டெனிஸ் நித்யாவைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்து பிராணவாயு முகமூடி மாட்டினார். கூட வந்தவர் குண்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கவிழ்த்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் மகளோடு நான் போனேன். கர்ப்பிணியானால் தலைவலி விட்டாலும் மருத்துவமனையில் பார்த்தே ஆக வேண்டுமாம். வழியெல்லாம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: குழந்தை? பதில் சொல்ல அவர்களிடம் கருவி இல்லை. மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கேட்கவைத்த பிறகுதான் அந்தக் கேள்வியை நிறுத்தினேன். மாலை வரைக்கும் வைத்திருந்து, இரண்டு உயிரும் நலம் என்று அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் கதவுக் கட்டடத்துக்கு நன்றி சொல்லப் போனோம். வீட்டிலிருந்து ஒன்றரை மைல். இரண்டு டப்பா முறுக்கு, ஒரு டப்பா மைசூர்பாகு. டெனிஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசிய பிறகுதான் தெரிந்தது, அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு வாடிக்கையாளரைப் பாதியில் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். கூட வந்தவர் பிளம்பர். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ராத்திரி என்றால் ஆள் வருவார்கள், வேலை நாளில் பகலில் இரண்டு மூன்று பேர் வந்தாலே அதிகம், பக்கத்து ஊர் வண்டியையும் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார்.

நாற்பது பேர் வகுப்பில் கரும்பலகை துடைக்க எழுந்து வருவது எப்போதும் அதே இரண்டு பிள்ளைகள்தான். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது நம் வேலை என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை, வாரத்தில் நாலு நாள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

டெனிஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்குப் பகலில் ஆள்தான் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குப் பயிற்சி. தீக்குள் போக வேண்டும் என்பதில்லை, வண்டி ஓட்ட, சாலையில் வண்டிகளை நிறுத்த என்று வேறு வேலைகளும் இருக்கின்றன என்றார். செந்தில் முதுகுவலி பற்றிச் சொன்னார். மீட்டிங் பற்றிச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

"அவர் வருவார்" என்று டெனிஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாள் நித்யா.

"என்னடி, என்னக் கேக்காம நீயா கமிட் பண்ற?" என்றார் செந்தில்.

"அந்தக் குண்டத்த என் ரூம் பக்கத்துல கொண்டுபோய் வெச்சப்ப என்னக் கேட்டீங்களா?"

செந்தில் முறுக்கு டப்பாவை மூடி வைத்தார்.

வீடு பார்க்க, விசேஷத்துக்கு என்று கிளம்பும் பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். ஹோமம் வைத்தால் முதல் நாளே ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள்; அலாரத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அவசர எண்ணில் கூப்பிட வேண்டாம், மற்ற எண் நிலையத்துச் சுவரிலேயே எழுதியிருக்கும். குண்டத்தைக் கார் நிறுத்தும் கராஜில் வைப்பதும் வீட்டுக்குள் வைப்பதும் ஒன்றுதான். திறந்த வெளியில் வையுங்கள், அபசகுனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைவலி என்று பிள்ளை சொன்னால் பசி என்று முடிவு கட்டாதீர்கள். நீல விளக்குப் போட்டு ஒருவர் பின்னால் வந்தால் ஒதுங்குங்கள், யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகிறார்.

மாப்பிள்ளை இதுவரை மூன்று செவ்வாய்க்கிழமை போய் வந்துவிட்டார். இப்போது எனக்கு வேறு தொல்லை. நேற்று ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தேன். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கிறார்.

"அடுப்ப விட்டு நகராதீங்க அத்தை. அந்த ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வெச்சுக்குங்க."

வெளியே மைனஸ் ஆறு டிகிரி. திறந்து வைத்தேன்.