குறி தப்பாத தீஹன்

“லாரியைப் பின்னால எடுய்யா! ஆத்துக்குள்ள ஓட்டப் போறியா?”

தீஹன் சவேலிச்சின் குரல் வோல்காவின் அக்கரைவரை போகும். அங்கே பால் விற்கும் பெலகேயா உடனே, “அமைதிப் பிள்ளை வந்துட்டாரு, காதைப் பொத்திக்குங்கடி!” என்பாள். ரஷ்ய மொழியில் ‘தீஹி’ என்றால் அமைதியானவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்தக் கேலி அவரைத் துரத்துகிறது.

“அது நம்ம சொல்லே இல்ல. கிரேக்கப் பேரு. குறியில கொண்டுபோய் அடிக்கிறவன்னு அர்த்தம். அதிர்ஷ்டக்காரன்னும் வச்சுக்கலாம். பாதிரியாரே சொன்னாரு!” என்பார், சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு.

பயணிகள் படகில் கயிறு வீசிக் கரையில் கட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக, பேசிக்கொண்டே வீசுவார். கயிற்றின் சுருக்கு கரைத் தூணில் போய் விழும்.

போன அக்டோபரில் ஒரு காலை. கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. எஞ்சின் நின்றுபோன சிறு படகொன்று பாலத்துத் தூண்களை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. உள்ளே வர்வாராவும் கணவனும். அவளுக்கு ஏழு மாதம். அவள் கூவிக்கொண்டே வாளியைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

“தட்டிக்கிட்டே இரும்மா! நிறுத்தாத!” என்று கத்தி, பயணிகள் படகிலிருந்து ஓசை வந்த திசையில் கயிற்றை வீசினார் தீஹன். தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினார். வர்வாராவின் மடியில் விழுந்தது.

முதல் வீச்சைப் பற்றிக் கேட்டால், “கயிறு ஈரமா இருந்துச்சு” என்பார். உடனே சூரியகாந்தி விதையைக் கொறிக்கத் தொடங்கிவிடுவார்.

ஆறு உறைந்து, மறுபடி உருகி, மே மாதம் படகு ஓடத் தொடங்கியது. குழந்தை வண்டியோடு வந்த வர்வாராவிடம் பெலகேயா கேட்டாள்: “பையனுக்கு என்ன பேரு?”

“தீஹன்.”

பெலகேயா சவேலிச்சைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதிவு ஆபீஸ்லயும் கேட்டாங்க, அமைதியா வளரணும்னுதான் இந்தப் பேரான்னு. இல்லீங்க, நல்லா கத்தட்டும், குறி தப்பாம இருந்தாப் போதும்னேன்” என்றாள் வர்வாரா.

பெலகேயா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “சவேலிச், உங்க பேரு நல்ல பேருதான்யா” என்றாள்.

அவர் கைகளைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தார். படகில் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழந்தை வண்டியை நிறுத்த இடம் இருந்தது. அவரோ வண்டியைத் தானே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் இருந்தவர்கள் குழந்தையைப் பார்க்கும்படி, மெதுவாகத் தளம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.