படியேறிய வாத்து

போன வாரம் அடித்த மழைக்காற்றில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கடல்பறவை வந்து விழுந்தது. அதை அட்டைப்பெட்டியில் போட்டு, துண்டைப் போர்த்தி, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள். ‘மூக்கு ஒழுகுகிறது, சளிபோல’ என்று ஒருவர் எழுத, முப்பத்தெட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது பறவை செத்திருந்தது. அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அதே சளி. எனக்கு இரத்தம் கொதித்தது.

அன்று, என் சிறுவயதில், கடலுக்கு வெகுதூரத்திலிருந்த காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் விழுந்ததும் அந்த இனம்தான். புறாவைவிடப் பெரிது, பழுப்பு நிறம், கால்விரல்களுக்கு நடுவே சவ்வு. ஆகவே வாத்து என்று முடிவாயிற்று. அதால் நிற்க முடியவில்லை, நெஞ்சால் தவழ்ந்தது. பெரியம்மா கருவாட்டை ஊறவைத்துக் கொடுத்தார். தின்றதும் அலகின் மேலிருந்த குழாய்மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது.

“பாவம், சளி புடிச்சிருக்கு. ஈரத்துல வுடாதீங்க,” என்றார் பெரியம்மா.

“வாத்துக்குச் சளியா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய்ச் சீட்டு வாங்கு,” என்றார் பெரியப்பா.

பெரியம்மா அசரவில்லை. கூடையில் வைத்து அடுப்பருகே சூடு காட்டினார். சுக்குக் கஷாயம் புகட்டினார். நான் அந்த நீரைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அழுகிறது என்று நினைத்தேன். கடல்நீரைக் குடிக்கும் பறவை உப்பை மூக்கு வழியாக வெளியேற்றும் என்று சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை. வாத்தியார்களே ஆறு பேர் இருந்தார்கள்.

அது கூடையிலிருந்து நழுவி, அலகையும் இறக்கையையும் ஊன்றி மாடிப்படி ஏறும். பெரியம்மா தூக்கி வந்து கூடையில் போடுவார். மறுபடி ஏறும். நாளுக்கு நாள் இளைத்தது. செத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் புறப்பட்டுப் படியிறங்கிய பெரியப்பாவின் காலில் அது இடறியது. குனிந்து எடுத்தார். இஸ்திரி போட்ட கோட்டு முழுக்க மீன் எண்ணெயாகக் கக்கிவிட்டது.

“சனியனே, உனக்குக் கஷாயம் வேறயா?” என்று மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீசி எறிந்தார்.

கல்லாக விழுந்தது. முருங்கைமர உயரத்தில் இறக்கைகள் விரிந்தன. அவ்வளவு நீளத்தை அது மடித்து வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஓட்டுக்கூரைகளை உரசிக்கொண்டு மேற்கே போயிற்று.

“நான்தான் பறக்க வெச்சேன்,” என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டுக்காகக் கொல்லப் பார்த்தவர். ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவர் எறிந்ததுதான் சரி என்பது இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

நடுக்கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் கரைக்கு வரும் அந்த இனத்துக்குச் சமதரையிலிருந்து எழும்ப வராது. உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். பிற்பாடுதான் படித்தேன். அது பதினொரு முறை படியேறியதை எண்ணியிருந்தேன். எதற்காக ஏறுகிறது என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.